அதிவேக ரயில் விமானத்தை எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது?

மணிக்கு 300 கி.மீ. ஓடும் ரயில், 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் விமானத்திடமிருந்து எப்படிப் பயணிகளை இழுத்துக்கொள்கிறது? அதிவேக ரயில் பரவிவிட்டால் உள்நாட்டு விமானச் சேவையே இல்லாமல் போய்விடுமா? கேள்வி இதுதான். முதல் பாதிக்குக் கடிகாரத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். பணம், சட்டம், விமான நிறுவனங்களின் சொந்தக் கணக்கு எல்லாம் அங்கே குறுக்கே வருகின்றன.

மாட்ரிட்–பார்சிலோனா வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். ரயில் பாதை 621 கி.மீ. விமானம் மேலே இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மாட்ரிட் நகர மையத்தில் இருப்பவர் விமான நிலையம் போய்ச் சேர முக்கால் மணி. பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை, போர்டிங் வரிசை, கதவு மூடும்வரை காத்திருப்பு என ஒன்றேகால் மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், இறங்கியபின் நிற்குமிடம் வருவதற்கும் கால் மணி. பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்சிலோனா மையத்துக்குள் நுழைய இன்னொரு முக்கால் மணி. பறந்தது ஒரு மணி, பறக்காதது மூன்று மணி. ரயிலில் போகிறவர் அட்டோச்சா நிலையத்துக்கு மெட்ரோவில் வருகிறார், பையை ஸ்கேனரில் விட்டு எடுக்கிறார், உட்கார்கிறார். வேகமான ரயில் இரண்டரை மணியில் பார்சிலோனா சாண்ட்ஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அது ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. இரு முனையிலும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் மூன்றரை மணிதான்.

இதைப் பொதுவான கணக்காக்கலாம். வண்டி ஓடாத நேரம் விமானத்துக்கு மூன்று மணி, ரயிலுக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், விமானம் பந்தயத்தையே இரண்டு மணி நேரம் பின்தங்கித் தொடங்குகிறது. அந்த இரண்டு மணியை அது வேகத்தால் ஈடுகட்டியாக வேண்டும். ரயிலின் சராசரி வேகம் 220 கி.மீ. என்றால், சுமார் 600 கி.மீ. தூரம் வரை விமானத்தால் எட்டிப்பிடிக்க முடியாது. சராசரி 280 ஆனால் அந்த எல்லை 900 கி.மீ.க்குப் போகிறது. வழக்கமான 150 கி.மீ. ரயிலானால் 400 கி.மீ.க்குள்ளேயே விமானம் முந்திவிடும்.

கவனிக்க வேண்டியது சராசரி வேகத்தை. விளம்பரத்தில் வரும் உச்ச வேகம் இதில் அதிகம் உதவாது. டோக்கியோ–ஷின் ஒசாகா 515 கி.மீ. தூரத்தை நோசோமி ரயில் சுமார் 2 மணி 22 நிமிடத்தில் கடக்கிறது. சராசரி 218 கி.மீ. மாட்ரிட்–பார்சிலோனா நிற்காத ரயிலுக்கு ஏறக்குறைய 250. பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கி.மீ.; மிக வேகமான ரயில் 4 மணி 18 நிமிடத்தில் போகிறது, சராசரி 306. வழியில் ஒரு பெரிய நகரத்தின் பழைய பாதைக்குள் புகுந்து இருபது நிமிடம் ஊர்ந்தால், 350 கி.மீ. உச்ச வேகம் சம்பாதித்துக் கொடுத்த நேரமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

ரயில் பயண நேரத்தையும் சந்தைப் பங்கையும் வரைபடமாகப் போட்டால் நாட்டுக்கு நாடு கிட்டத்தட்ட ஒரே வளைவுதான் வருகிறது. ரயில் நேரம் இரண்டு மணி என்றால் பெரும்பாலும் பத்தில் எட்டு, ஒன்பது பேர் ரயிலில். மூன்று மணியில் ரயிலுக்குப் பாதிக்கு மேல். நான்கு மணியில் விமானத்தின் கை ஓங்குகிறது. ஐந்து மணியைத் தாண்டினால் ரயிலுக்கு விழுவது உதிரிதான். ஜப்பானில் இதை ‘நான்கு மணி நேரச் சுவர்’ என்கிறார்கள். வளைவின் நடுப்பகுதி மிகச் செங்குத்தானது. ஆறு மணி நேரப் பயணத்தை ஐந்தாக்கினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான்கை மூன்றாக்கினால் சந்தை புரண்டுவிடும். இரண்டை ஒன்றரையாக்கினால் ஏற்கெனவே ரயிலில் இருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வளைவை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானிலேயே ஹிரோஷிமாவையும் ஃபுக்குவோக்காவையும் பாருங்கள். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ரயிலில் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. வளைவின்படி விமானம் பலமாக இருக்க வேண்டிய இடம். ஆனால் அங்கே ரயில்தான் முன்னே நிற்கிறது. காரணத்தை விமான நிலையத்தில் தேட வேண்டும். 1993இல் நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி மலைப்பக்கம் புது நிலையம் கட்டினார்கள். ஊருக்குள் வர பஸ்ஸில் முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. ஃபுக்குவோக்காவில் கதை தலைகீழ். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தமே நகரின் மைய ரயில் நிலையமான ஹக்காட்டா. ஐந்தாறு நிமிடப் பயணம். டோக்கியோவிலிருந்து ரயிலுக்கோ ஐந்து மணி நேரம். அங்கே விமானத்திடம் சந்தையின் பெரும்பங்கு இருப்பதில் என்ன ஆச்சரியம்? விமான நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் ஒவ்வொரு நகரமும், தெரிந்தோ தெரியாமலோ, ரயிலுக்கு அரை மணி நேரத்தைத் தானம் செய்கிறது.

இந்தக் கணக்கு விமானத்துக்கு முழுக்க எதிராக விழுந்த இடங்களில் சேவையே நின்றுபோனது. தைவானில் 2007 ஜனவரியில் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. தைபே–காவோசியுங் சுமார் 350 கி.மீ., ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நாளெல்லாம் விமானங்கள் பறந்துகொண்டிருந்த அந்த வழித்தடத்தில் 2012க்குள் ஒன்றுகூட இல்லை. சீனாவில் ஜெங்ஜோ–சியான் பாதை 2010 பிப்ரவரியில் திறந்தது. அடுத்த மாதமே அந்த விமானங்கள் நின்றன. கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் புதுப் பாதை 2002இல் வந்தது, ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா 2007இல் அந்த விமானத்தைக் கைவிட்டது. டோக்கியோ–நகோயாவுக்கு ரயிலில் ஒன்றரை மணிதான் ஆகிறது. அந்த இரு நகரங்களுக்கு இடையே மட்டும் போக வேண்டியவர் விமானத்தைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை.

நேரத்துக்கு அடுத்தது எண்ணிக்கை. இதை மேலோட்டமாகச் சொன்னால் புரியாது, டோக்கியோ நிலையத்தின் ஒரு நடைமேடையில் நின்று பார்க்க வேண்டும். 16 பெட்டிகள், 1,323 இருக்கைகளோடு ஒரு ரயில் வந்து நிற்கிறது. பயணிகள் இறங்குகிறார்கள். வாசலில் வரிசையாக நின்றிருந்த துப்புரவுக் குழு உள்ளே போகிறது: குப்பை எடுத்து, மேசைகளைத் துடைத்து, இருக்கைத் தலையுறைகளைச் சரிபார்த்து, எல்லா இருக்கைகளையும் போகும் திசைக்குத் திருப்பி, சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடுகிறது. மொத்தம் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முழு ரயிலும் நிறைந்து எதிர்த்திசையில் புறப்படுகிறது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 12 நோசோமி ரயில்கள் வரை இப்படிக் கிளம்பும். மெதுவான ரயில்கள் தனி. அந்தப் பன்னிரண்டில் மட்டும் ஒரு திசைக்கு 15,800க்கு மேற்பட்ட இருக்கைகள். 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இதைச் செய்ய மணிக்கு 88 விமானங்கள் புறப்பட வேண்டும். இரண்டு ஓடுபாதைகள் கொண்ட லண்டன் ஹீத்ரோவில் ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்தே மணிக்கு 90ஐத் தாண்டுவதில்லை. ஒரே ஒரு ஊருக்கு அத்தனையையும் ஒதுக்க யாரால் முடியும்?

இத்தனை ரயில்கள் இருப்பதால் பயணியின் நடத்தையே மாறிவிடுகிறது. அலுவலகக் கூட்டம் நீண்டுவிட்டதா, அடுத்த ரயில் சில நிமிடத்தில் இருக்கிறது. விமானக்காரர்களும் இதை முன்பே உணர்ந்தவர்கள்தான். மாட்ரிட்–பார்சிலோனாவில் ஸ்பெயின் விமான நிறுவனமான இபேரியா 1974இல் தொடங்கிய ‘வான் பாலம்’ சேவையின் வசதியே அதுதான்: முன்பதிவு வேண்டாம், வந்தால் அடுத்த விமானத்தில் இடம். அது அந்த வழித்தடத்தை உலகின் மிக நெரிசலான விமான வழிகளில் ஒன்றாக்கியது. 2008 பிப்ரவரியில் ஸ்பெயினின் அதிவேக ரயிலான ஏவிஇ பார்சிலோனாவை எட்டியதும் அதே வசதியை ரயில் இன்னும் பெரிய அளவில் கொடுத்தது. அதுவரை எட்டில் ஒருவர் ரயிலில் போனாலே அதிகம் என்றிருந்த வழித்தடத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பாதிப் பேர் ரயிலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்புறம் நேரத்தின் தரம் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிவிவரத்தில் இது வராது. நான்கு மணி நேர விமானப் பயணத்தில் எந்த ஒரு துண்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை: டாக்சி, வரிசை, பெல்ட்டைக் கழற்று, மாட்டு, காத்திரு, ஏறு, பெல்ட் போடு, இறங்கு. ரயிலில் இரண்டரை மணி நேரம் ஒரே துண்டாகக் கையில் கிடைக்கிறது. மடிக்கணினியில் வேலை செய்யலாம், தூங்கலாம், போன் பேசலாம். இதனால்தான் கடிகாரக் கணக்கில் இருவரும் சமமாக வரும் வழித்தடங்களில்கூட அலுவல் பயணிகள் ரயில் பக்கம் சாய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நேரந்தவறாமையும் இதே ரகம். ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதையான மாட்ரிட்–செவில் 1992இல் திறந்தது. சில ஆண்டுகளிலேயே, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் முழுக் கட்டணமும் திரும்ப என்று அறிவித்தார்கள். எந்த விமான நிறுவனமும் கனவிலும் தராத வாக்குறுதி அது. ஜப்பானின் டோக்கியோ–ஒசாகா பாதையான டொக்காய்டோவில் புயல், மழை, நிலநடுக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே சராசரித் தாமதம் ஓரிரு நிமிடம்தான். சீனாவில் வான்வெளியின் பெரும்பகுதி ராணுவத்தின் கையில் இருப்பதால் விமானத் தாமதம் ஊரறிந்த விஷயம். ரயிலுக்கு அது இலவச விளம்பரமாகிவிட்டது. ஆனால் இந்தச் சாதகம் தானாக வருவதில்லை, ஜெர்மனியே சாட்சி. அங்கே அதிவேக ரயில்கள் பழைய நெரிசலான பாதைகளில் சரக்கு ரயிலோடும் உள்ளூர் ரயிலோடும் கலந்து ஓடுகின்றன. 2024இல் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62, 63 மட்டுமே நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை ‘நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கெழுதிய பிறகு! பெர்லின்–மியூனிக் பயணத்தை 2017 டிசம்பரில் நான்கு மணிக்குள் கொண்டுவந்து நிறையப் பேரை விமானத்திலிருந்து இழுத்த நாடு அது. இழுத்தவர்களைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

ரயில் தன் சாதகத்தைத் தானே இழக்கும் இன்னொரு வகையும் உண்டு. லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் 1994 நவம்பரில் தொடங்கியபோது மூன்று மணி. 2007 நவம்பரில் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகப் பாதை முழுதாகத் திறந்து செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு மாறியதும் இரண்டேகால் மணி. அருமை. ஆனால் பாஸ்போர்ட் சோதனை, பாதுகாப்புச் சோதனை, புறப்பட அரை மணி முன்பே மூடும் வாசல் என்று வந்தபின், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வேலையும் சேர்ந்தபின், பயணி ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கோடிகோடியாகச் செலவழித்துப் பாதையில் மிச்சம் பிடித்த முக்கால் மணி நேரத்தை நிலையத்து வரிசை தின்றுவிட்டது. பாரிஸுக்கு இது பொறுக்கும். நான்கு மணி ஆகும் ஆம்ஸ்டர்டாமுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தலையெழுத்து.

சரி, விமான நிறுவனங்கள் கை கட்டி நின்றனவா? சில சண்டை போட்டன. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் டெக்சாஸ் நகரங்களை இணைக்க ஓர் அதிவேக ரயில் திட்டம் வந்தபோது, அந்த நகரங்களுக்கு இடையே பறந்தே வளர்ந்த சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தது. பணம் திரட்ட முடியாமல் 1994இல் திட்டம் செத்தது. அந்த எதிர்ப்பில் ஒரு நியாயமான பயம் இருந்தது: சவுத்வெஸ்டுக்கு அந்தக் குறுந்தூரப் பயணிகளே சோறு.

எல்லா நிறுவனங்களுக்கும் அப்படியில்லை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெரிய மைய நிலையம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, கொலோனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பறப்பவர் ஃபிராங்க்ஃபர்ட் வருகிறவரே அல்ல. அவர் அங்கே விமானம் மாறி நியூயார்க்கோ டோக்கியோவோ போகிறார். அவரைக் கொண்டுவந்து சேர்க்கும் குட்டி விமானம் தனியாகப் பார்த்தால் நஷ்டம். ஏறவும் இறங்கவும் எரியும் எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், விமானிகள் சம்பளம் எதுவும் தூரம் குறைந்ததற்காகக் குறைவதில்லை. அதைவிட முக்கியம், நெரிசலான நிலையத்தில் ஒவ்வொரு இறங்கும் நேரமும், அதாவது ஸ்லாட், தங்கம். அதே ஸ்லாட்டில் நெடுந்தூர விமானத்தை விட்டால் வருமானம் பல மடங்கு. எனவே விமான நிலையத்துக்கு அடியிலேயே அதிவேக ரயில் வந்து நிற்குமானால், குட்டி விமானத்தை ரயிலிடம் தள்ளிவிடுவது நிறுவனத்துக்கே லாபம்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயில் நிலையம் 1999இல் வந்தது. அங்கே ஓடும் ரயில்களுக்கு லுஃப்தான்சா தன் விமானச் சேவை எண்ணைப் போட்டு டிக்கெட் விற்கிறது. ஏர் பிரான்ஸ் 2001இலேயே பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் விமானத்தை விட்டுவிட்டு, தாலிஸ் ரயிலில் இருக்கைகளை எடுத்துக்கொண்டது. 2022இல் ஜெர்மன் ரயில்வே, ஸ்டார் அலையன்ஸ் விமானக் கூட்டணியில் கூட்டாளியாகவே சேர்ந்தது. போட்டி என்று நாம் பேசும் இடத்தில் இவர்கள் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் கணக்கு போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மின்சார ரயிலில் போகும் ஒருவரால் வெளியாகும் கரியமில வாயு விமானத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலியான ஸ்லாட்டில் ஒரு கண்டம் தாண்டும் விமானம் ஏறினால் அந்த நிலையத்தின் மொத்தப் புகை குறையாது, கூடத்தான் செய்யும். பிரான்ஸ் 2021இல் சட்டம் போட்டது: ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் கூடாது. 2023 மேயில் அது முறையாக நடைமுறைக்கு வந்தபோது, அடிபட்டவை பாரிஸ் ஓர்லியிலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று வழித்தடங்கள். அவற்றையும் கோவிட் கால அரசு உதவிக்கு நிபந்தனையாக ஏர் பிரான்ஸ் 2020இலேயே நிறுத்தியிருந்தது. அடுத்த விமானம் மாறுகிறவர்களுக்காகப் பாரிஸின் இன்னொரு நிலையமான சார்ல் த கோலிலிருந்து பறப்பவை தப்பித்தன. இந்தச் சட்டத்துக்கு யோசனை சொன்ன குடிமக்கள் குழு முதலில் கேட்டது நான்கு மணி நேர வரம்பு. சட்டத்தில் அது இரண்டரையாகச் சுருங்கியது. மேலே சொன்ன வளைவை நினைத்துப் பாருங்கள்: இரண்டரை மணிக்குள் ரயில் ஏற்கெனவே ஜெயித்த இடம். ஜெயித்த இடத்தில் போட்ட தடை அது. உண்மையான போர் நடக்கும் மூன்று, நான்கு மணிப் பகுதியைச் சட்டம் தொடவே இல்லை.

இனி கட்டணம். ரயில்தான் மலிவு என்பது பொதுவான நம்பிக்கை, பல இடங்களில் அது தப்பு. முன்கூட்டியே வாங்கினால் பட்ஜெட் விமானம் ரயிலைவிடக் குறைவாக இருப்பது ஐரோப்பாவில் சாதாரணம். இதற்கு ஒரு காரணம் வரி. சர்வதேச விமான எரிபொருளுக்கு வரி போடாத வழக்கம் 1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தில் வேர்விட்டது, இன்றும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. ரயில் மின்சாரத்துக்கும் பணம் கட்டுகிறது, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதைக் கட்டணமும் கட்டுகிறது. பிரான்ஸில் இந்தப் பாதைக் கட்டணம் டிக்கெட்டின் கணிசமான பங்கைத் தின்கிறது.

இன்னொரு காரணம் ரயிலுக்குள்ளேயே போட்டி இல்லாதது. இது உடைந்த இரண்டு நாடுகளில் விளைவு உடனே தெரிந்தது. இத்தாலியில் மிலான்–ரோம் பாதை 2009 இறுதியில் மூன்று மணிக்குள் வந்தது. 2012 ஏப்ரலில் இத்தாலோ என்ற தனியார் நிறுவனம், அரசின் ஃப்ரெச்சாரோசா ரயிலுக்குப் போட்டியாக அதே பாதையில் இறங்கியது. கட்டணம் குறைந்தது, ரயில்கள் கூடின, பயணிகள் பெருகினார்கள். மிலான்–ரோம் வழித்தடம் இத்தாலிய விமான நிறுவனமான அலிடாலியாவின் பால் கறக்கும் பசுவாக இருந்தது. அந்தப் பால் வற்றியது. 2021 அக்டோபரில் அலிடாலியா மூடப்பட்டதற்கு நூறு காரணம் உண்டு, ரயில் அதில் ஒன்று மட்டுமே. ஆனாலும் சிறிய காரணம் இல்லை. ஸ்பெயினில் 2021 மேயில் பிரெஞ்சுக்காரர்களின் உய்கோ, அடுத்து ஸ்பெயின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் சொந்த மலிவு ரயிலான அவ்லோ, 2022 நவம்பரில் இரியோ என்று அடுத்தடுத்து வந்தன. பாதி சந்தையில் ஆரம்பித்த மாட்ரிட்–பார்சிலோனா ரயில் இன்று ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்திருக்கிறது. இந்தக் காலகட்டத்தில் ரயிலின் வேகம் கூடவில்லை, கட்டணம்தான் இறங்கியது.

ஒரு சின்ன வேடிக்கை. கூட்டத்துக்குத் தக்கபடி விலையை ஏற்றி இறக்கும் கலை விமானக்காரர்களுடையது. பிரெஞ்சு ரயில்வே 1993இல் கொண்டுவந்த முன்பதிவு அமைப்பு, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் அமைப்பை அடிப்படையாகக் கொண்டதுதான். எதிரியின் ஆயுதத்தையே விலைக்கு வாங்கினார்கள். இப்போது ரயில் பயணிகளும், நேற்று பார்த்த விலை இன்று இல்லையே என்று புலம்புகிறார்கள்.

பணத்தில் இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் இந்தப் போட்டியை உள்ளூரத் தீர்மானிப்பது அதுதான். ஒரு வழித்தடம் ஓடவில்லை என்றால் விமானத்தை அடுத்த மாதமே வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். தண்டவாளத்தை அப்படிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. பாதை போட்டாகிவிட்டது, கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, இனி ஒரு ரயிலைக் கூடுதலாக விட ஆகும் செலவு ஒப்பீட்டில் கொஞ்சம். அதனால் ரயில் கடைசிவரை விலையைக் குறைத்து நிற்கும். இது விமான நிறுவனத்துக்குத் தெரியும். பின்வாங்க முடியாதவனோடு மல்லுக்கட்டுவதைவிட, விமானத்தை லாபம் தரும் இடத்துக்கு எடுத்துப் போவது புத்திசாலித்தனம். பல வழித்தடங்களில் விமானங்கள் இவ்வளவு சீக்கிரம் மறைந்ததற்கு, தோற்றதைவிட விலகிப்போனதுதான் காரணம்.

ஆனால் பயணிகளை வென்றதும் பணத்தை வென்றதும் ஒன்றல்ல. தைவான் ரயில் விமானத்தை முழுக்கத் துடைத்தெறிந்தது என்றேன் அல்லவா? அதே நிறுவனம் கட்டுமானக் கடனில் மூழ்கி, 2015இல் அரசு தலையிட்டு நிதியைச் சீரமைத்து, 35 ஆண்டு உரிமத்தை 70 ஆண்டுகளாக நீட்டித்த பிறகுதான் மூச்சு விட்டது. போட்டியாளரே இல்லாத சந்தையில் இந்த நிலை. பிரிட்டனில் எச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்தின் பர்மிங்காம்–மான்செஸ்டர் பகுதியை 2023 அக்டோபரில் ரத்து செய்தார்கள். கலிஃபோர்னியாவில் 2008இல் மக்கள் ஓட்டுப் போட்டபோது சுமார் 33 பில்லியன் டாலர் என்ற திட்டத்தின் மதிப்பீடு இப்போது 100 பில்லியனைத் தாண்டி நிற்கிறது. இரு முனையிலும் பெருநகரம், நடுவிலும் சில பெரிய ஊர்கள், நாள் முழுவதும் கூட்டம் இருந்தால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம். ஒரு நாளைக்கு நானூறு பேர் போகும் இரண்டு ஊர்களுக்கு இடையே விமானம்தான் சரி. அங்கே அதிவேக ரயில் கேட்பது வெட்டிச் செலவு.

நடுவிலுள்ள ஊர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாட்ரிட்–பார்சிலோனா ரயில்கள் பல சரகோசாவில் நிற்கின்றன. அங்கே இறங்குகிறவரும் ஏறுகிறவரும் விமானத்தின் கணக்கிலேயே இல்லாதவர்கள். அதிவேக ரயிலின் கூட்டத்தில் பெரும்பகுதி இப்படி காரிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வந்தவர்கள், அல்லது ரயில் இல்லாவிட்டால் பயணமே செய்திருக்காதவர்கள். ரயிலா விமானமா என்று மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும்.

உலகின் மிக நெரிசலான விமான வழித்தடங்களின் பட்டியலைப் பார்த்தால் ரயிலின் எல்லை தானாகத் தெரிகிறது. முன்வரிசையில் நிற்பவை சோல்–ஜெஜு, டோக்கியோ–சப்போரோ, டோக்கியோ–ஃபுக்குவோக்கா. ஜெஜு ஒரு தீவு, ரயிலே கிடையாது. சப்போரோவுக்கு அதிவேகப் பாதை இன்னும் போய்ச் சேரவில்லை. 2016இல் ஹக்கோடாட்டே அருகே வந்து நின்றது, மிச்சப் பகுதி மேலும் பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கிறது. ஃபுக்குவோக்கா நான்கு மணிச் சுவருக்கு அப்பால். கொரியாவும் ஜப்பானும் அதிவேக ரயிலில் கரைகண்ட நாடுகள். அங்கேயே விமானம் இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்றால், ரயில் வந்தால் உள்நாட்டு விமானம் அழிந்துவிடும் என்ற பேச்சுக்கு இடமில்லை. குறுந்தூரத்தில் அழிகிறது, நெடுந்தூரத்தில் கொழுக்கிறது.

எல்லைக்கோட்டிலேயே நிற்பது பெய்ஜிங்–ஷாங்காய். 1,318 கி.மீ., நான்கரை மணி; வளைவின்படி விமானம் கொஞ்சம் முன்னே இருக்க வேண்டிய தூரம். 2011 ஜூன் 30இல் பாதை திறந்தது. அடுத்த மாதம் வென்ஜோவில் வேறொரு பாதையில் நடந்த விபத்தில் 40 பேர் இறந்தார்கள், நாடு முழுவதும் வேகம் குறைக்கப்பட்டது, விமானக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 2017 செப்டம்பரில் வேகம் மறுபடி 350க்கு உயர்ந்தது. ஷாங்காய் ஹோங்சாவ் நிலையத்தில் ரயிலும் விமானமும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன; பயணி எந்த வாசலில் நுழைவது என்று கடைசியில்கூட மனம் மாறலாம். அந்த ரயில் பாதையை நடத்தும் நிறுவனம் லாபம் பார்த்து 2020 ஜனவரியில் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. அதே வழியில் விமான நிறுவனங்கள் இன்றும் இரட்டை நடைவழி கொண்ட பெரிய விமானங்களை ஓட்டுகின்றன. அவசரக்காரர், நெடுந்தூர விமானம் மாறுகிறவர், அலுவலகக் கணக்கில் போகிறவர் மேலே. நடுவில் நான்ஜிங்கிலோ ஜினானிலோ இறங்க வேண்டியவர், நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை முடிக்க நினைப்பவர் கீழே. இரண்டு பக்கமும் டிக்கெட் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.